உள்ளே விட்டுச் சென்ற குழாய்

வலது விலாவுக்குக் கீழே அந்த வலி முதலில் வந்தபோது நான் இன்னொருவருடைய பில்லைத் தட்டிக்கொண்டிருந்தேன். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அதற்கு முன்பெல்லாம் கையால் எழுதிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. டாக்டர் ஒரு நோயாளிக்கு என்ன செய்தார் என்பதைத் தன் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புவார். அந்த வேலைக்கு எங்களிடம் ஒரு எண் இருக்கும். கோட் என்போம். எண்ணைத் தட்டினால் விலை தானாக வந்துவிடும். கேட்க எளிது. ஆனால் ஒரே மாதிரித் தெரியும் இரண்டு வேலைகளுக்கு இரண்டு எண்கள் இருக்கும். முதுகில் புதிதாகத் துளையிட்டுச் சிறுநீரகத்துக்குள் குழாய் வைத்தால் ஒன்று. அதே துளையில் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் இன்னொன்று. எந்த எண் போடுகிறோமோ அதைப் பொறுத்துத்தான் நோயாளி வேலை செய்யும் கம்பெனி கட்டுமா, நோயாளியே கட்டுவாரா என்பது முடிவாகும்.

இப்படி அங்கே ஒவ்வொரு அறைக் கதவுக்குப் பின்னாலும் என்ன விலை என்று தெரிந்திருந்ததால்தான் நான் டாக்டரிடம் போகவில்லை. மாதக்கணக்காகப் பார்லி தண்ணீர் குடித்தேன். வலி மாத்திரை போட்டேன். இதற்கிடையில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. வாரத்தில் ஐந்து நாள் வேலை, கூடுதல் சம்பளம், தொழிற்சாலைக் காடியே வீட்டு வாசலில் ஏற்றிப் போய் மறுபடி இறக்கிவிடும். அடுத்த மாதம் சேர வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு உடம்பைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன்.

உடம்பு காத்திருக்கவில்லை. ஒரு காலை கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது குளிர் எடுத்தது. ஏர்கான் என்று நினைத்து ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். பிறகு பல் கிட்டியது. விசைப்பலகையில் விரல் நிற்கவில்லை. எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஃபிலோமினா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா, நெருப்பா கொதிக்குது! எந்திரிங்க லா, எந்திரிங்க!”

எழுந்திருக்க முடியவில்லை. அவளே சக்கர நாற்காலி கொண்டுவந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். இரண்டு தாழ்வாரம் தாண்டினால் அவசரப் பிரிவு. தினமும் நான் பசியாறப் போகும் வழிதான்.

ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் டான் வந்தார். சிறுநீரக நோய்களைப் பார்ப்பவர். அவருடைய கோழிக்கிறுக்கலைப் படிக்க அங்கே என்னைவிட்டால் ஆளில்லை என்று அவரே கேலி செய்வார். அன்று அவர் கேலி செய்யவில்லை. ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் மெல்லிய குழாயில் ஒரு கல் சிக்கியிருக்கிறது. இறங்க வழியில்லாமல் மேலே தேங்கிய நீரில் கிருமி சேர்ந்து சீழாகிவிட்டது. அந்தச் சீழ் ரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருக்கிறது. இப்போது கல்லைத் தொட முடியாது. முதலில் முதுகு வழியாக ஒரு குழாய் வைத்துச் சீழை வெளியே எடுக்க வேண்டும்.

“நாளைக்குச் செய்யலாமா, டாக்டர்? என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த்ல இருக்கார்.”

“நாளைக்கு நீ இருக்க வேண்டும் என்றால் இன்றைக்குச் செய்ய வேண்டும்” என்றார்.

என் கணவர் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. அவருக்குத் தகவல் போய், ஃபெரி பிடித்து வந்து சேர்வதற்குள் என்னைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டார்கள். வயிற்றுக்கு அடியில் ஒரு தலையணை. முதுகில் குளிர்ந்த பசை. மரத்துப்போக ஊசி போட்டார்கள். தோல் மரத்ததே தவிர உள்ளே மரக்கவில்லை. நீளமான ஊசி ஆழத்தில் எதையோ தொட்டபோது என் கத்தலை நானே கேட்டேன். பிறகு முதுகின் மேல் சூடாக ஏதோ வழிந்தது. மோசமான வாடை. “குட், குட், வருகிறது” என்று டாக்டர் டான் சொன்னார். அந்த வாடையில் ஒருவர் இவ்வளவு சந்தோஷப்பட்டது எனக்கு விசித்திரமாக இருந்தது.

அந்த நேரத்திலும் என் மனம் தட்டிக்கொண்டே இருந்தது. துளை, புதிய குழாய்: ஒரு எண். ஸ்கேன் பார்த்துக்கொண்டே செய்தது: தனி எண்ணா, இதிலேயே அடக்கமா? அடக்கம். நிறுத்த முடியவில்லை. வலிக்கும்போது சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது இது.

காய்ச்சல் இரண்டொரு நாளில் இறங்கியது. ஆனால் என்னால் அசைய முடியவில்லை. குழாயை முதுகுத் தோலோடு சேர்த்துத் தைத்திருந்தார்கள். அதன் மறுமுனை கட்டிலோரம் தொங்கிய ஒரு பைக்குள். இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. மல்லாந்து படுத்தால் குழாய் குத்தும், வலது பக்கம் திரும்பினால் மடங்கும். மிச்சம் இருந்தது இடது பக்கம் மட்டும். அந்தப் பக்கம் சுவர். ஏர்கான் தண்ணீர் வழிந்து கறையான சுவர். காலை, பகல், மாலை எல்லாம் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டுதான் கிடந்தேன்.

வேறு மருத்துவமனையாக இருந்திருந்தால் யாரோ ஒரு நோயாளியாகவாவது படுத்திருக்கலாம். இங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். லிஃப்ட் ஓட்டுபவர் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தார். பின்பக்கம் நாடா கட்டிய சட்டையில், பக்கத்தில் மூத்திரப் பையோடு நான் அவர்கள் எல்லோரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியிருந்தது. கட்டு மாற்ற வரும் நர்ஸ், எங்கள் வாயில் மிஸி, ஒவ்வொரு தடவையும் பஞ்சு உறையில் இருந்த சிறு சீட்டைக் கிழித்து, கால்மாட்டில் தொங்கிய அட்டையில் ஒட்டுவாள். அந்தச் சீட்டுகள் நாள் முடிவில் எங்கள் கவுண்டருக்குத்தான் வந்து சேரும் என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் சிக்கனமாகப் பஞ்சு வையுங்கள் என்று அவளிடம் சொல்ல நாக்கு வரை வந்துவிடும்.

அறையில் இன்னொரு கட்டில் இருந்தது. அதில் ஜைத்தூன் அக்கா. கணவர் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். கொழுப்பே தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், கணவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும், அவர் சட்டையில் இருக்கும் கறி வாசனையை மோந்துகொள்வேன் என்பார். நான் முதன்முதலில் எழுந்து நடக்க வேண்டிய நாளில் மிஸி ஒருத்தியும் அகப்படவில்லை. மருந்துக் கம்பத்தை ஒரு கையில் பிடித்தேன். பையைத் தூக்க இன்னொரு கை போதவில்லை. சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஜைத்தூன் அக்கா தன் கட்டிலைவிட்டு இறங்கி வந்தார்.

“குடு தங்கச்சி, ஒன் ஹேண்ட்பேக்க நான் தூக்கிக்கிறேன்.”

“ஐயோ, வேணாங்கா. அசிங்கம்.”

“என்னா அசிங்கம்? எனக்கும் வயித்துக்குள்ள இதேதான் இருக்கு. ஒனக்கு வெளிய தெரியுது, அவ்வளவுதான். நட.”

கழிப்பறை வாசல்வரை அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவுக்குப் போகிறவர்களைப் போல ஏதேதோ பேசிக்கொண்டு கூடவே வந்தார். அவர் என் உறவும் இல்லை, ஊரும் இல்லை.

என் அண்ணன் மனைவி கமலா அண்ணி கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ்ஸும் ஃபெரியும் மாறி நாள் தவறாமல் வந்தார். ஆறு வயது மகள் வாணியை அவர் வீட்டில்தான் விட்டிருந்தோம். ரசம் கொண்டுவருவார். முதுகுக் குழாயினால் நான் கையைத் தூக்க முடியாமல் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. அண்ணி ஒன்றும் கேட்காமல் கட்டிலில் என் பின்னால் உட்கார்ந்து, நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்துச் சீவி, இறுக்காமல் பின்னிவிட்டார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஒரு நாள் வாணியையும் கூட்டிவந்தார். குழந்தை கதவருகிலேயே நின்றது. என் கையிலிருந்த குழாயையும் முதுகிலிருந்து வந்த குழாயையும் கட்டிலையும் மாறி மாறிப் பார்த்தது.

“அம்மா, ஒங்கள எப்ப அவுத்து விடுவாங்க?”

“சீக்கிரம்டா” என்றேன்.

சீக்கிரம் என்று நான் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அடுத்து ஸ்டென்ட் வைக்கப்போவதாக டாக்டர் சொல்லியிருந்தார். மெல்லிய, வளையும் குழாய் அது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை உள்ளுக்குள்ளேயே இருக்கும். நழுவாமல் இருக்க இரண்டு முனையும் சுருண்டிருக்கும். அதை வைத்துவிட்டால் கல் இருந்தாலும் அதன் ஓரமாக நீர் இறங்கிவிடும். முதுகுக் குழாயும் பையும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம். கிருமி நன்றாக அடங்கிய பிறகு என்னை முழுதாக மயக்கி, கீழே சிறுநீர்ப் பாதை வழியாக அதை மேலே ஏற்றப் பார்த்தார்கள்.

மயக்கம் தெளிந்ததும் என் கை தானாக முதுகுக்குப் போனது. குழாய் அங்கேயே இருந்தது. பை அங்கேயே தொங்கியது.

“கல் வழிவிடவில்லை” என்றார் டாக்டர் டான். “கம்பியே போகவில்லை. வற்புறுத்தினால் கிழிந்துவிடும். அதனால் நிறுத்திவிட்டேன். சில நாள் கழித்து மேலிருந்து முயற்சி செய்வோம். முதுகில்தான் வழி இருக்கிறதே.”

தலையாட்டினேன். அவர் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். இனி இந்த அறையைவிட்டு வெளியே போகவே மாட்டேன் என்று தோன்றியது. என் கணவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். என் கால்விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, “முடியாம போனதுக்கும் காசு கேப்பாங்களா?” என்றார்.

“கேப்பாங்க. தியேட்டர், மயக்க மருந்து எல்லாத்துக்கும் உண்டு. டாக்டர் தன்னோட ஃபீஸ வேணாம்னுட்டார்.”

கவுண்டரில் எத்தனையோ பேர் இதே கேள்வியைக் கேட்டு, நான் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

மேலிருந்து வைத்தபோது முழு மயக்கம் கொடுக்கவில்லை. தூக்கம் மாதிரி ஒரு கிறக்கம் மட்டும். மறுபடி குப்புற. இந்தத் தடவை பக்கவாட்டில் எக்ஸ்ரே திரை தெரிந்தது. முதுகுத் துளை வழியாகப் போன கம்பி கறுப்புக் கோடாக இறங்கியது. கல் இருந்த இடத்தில் நின்றது. வளைந்தது. பின்வாங்கியது. டாக்டர் கம்பியை விரல்களுக்கு நடுவில் வைத்துத் திரும்பத் திரும்ப உருட்டினார். ஒரு கட்டத்தில் கோடு சட்டென்று நீண்டு கீழே ஓடியது. “ஹா!” என்றார் டாக்டர் டான். அந்தக் கம்பியின் மேலேயே ஸ்டென்டை இறக்கினார்கள். அதன் முனை சிறுநீர்ப்பைக்குள் போய்ச் சுருண்டதை நானே பார்த்தேன். பாதுகாப்புக்காக முதுகுக் குழாயையும் புதியதாக மாற்றிவைத்து, ஓரிரு நாள் மூடிப் பார்த்து, நீர் உள்வழியாகவே இறங்கினால் எடுத்துவிடுவதாகச் சொன்னார்.

ஆக அன்று இரண்டு வேலைகள் நடந்தன. ஒன்று, பழைய துளை வழியாக ஸ்டென்ட் வைத்தது. இரண்டு, அதே துளையில் வெளிக் குழாயை மாற்றியது. என் சங்கடம் இங்கேதான் தொடங்கியது.

நீர் உள்வழியாக இறங்கியது. முதுகுக் குழாயை உருவி எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டினார்கள். அன்று மத்தியானம் ஃபிலோமினா அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். என் கணவரும் இருந்தார். ஜைத்தூன் அக்கா முதல் நாளே வீட்டுக்குப் போயிருந்தார்.

“அக்கா, ஒங்க பில் எங்கிட்டதான் வந்திருக்கு. ஸ்டாஃப் பெனிஃபிட்ல ஸ்டென்ட் வராது. ஒடம்புக்குள்ள விட்டுட்டு போற சாமான் எதுக்கும் கட்ட மாட்டாங்க. ஒங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும். பணியாளர்களின் வைத்தியச் செலவில் சிலவற்றை மருத்துவமனையே கட்டும், ஆனால் எலும்புக்கு வைக்கும் தகடு, இதயத்துக்கு வைக்கும் கருவி, ஸ்டென்ட் எல்லாம் அதில் சேராது.

“அதோட ஸ்டென்ட் வந்தா அன்னைக்கு நடந்த எக்ஸ்ரே, ரூம் எல்லாம் அதோட சேந்து வெளிய போயிடும். கீழேருந்து செஞ்சு முடியாம போனதும் அப்படித்தான். எல்லாம் சேந்தா ரொம்ப வரும்க்கா. அதனால நான் ஒண்ணு செய்யறேன். டியூப் மாத்துனதுன்னு மட்டும் கோட் போட்டுடறேன். அதுக்குப் பெனிஃபிட் முழுசா கட்டும்.”

“டாக்டர் எழுதியிருக்காரே.”

“அவரு கையெழுத்து யாருக்குப் புரியும்? மாத்துனாங்கதானே? பொய் இல்லியே. பாதிய சொல்றோம், அவ்வளவுதான்.”

என் கணவரின் முகத்தில் பல நாட்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. “நல்ல பிள்ளம்மா நீ” என்றார்.

என் வாயும் சரி என்று சொல்லத்தான் திறந்தது. நான் ஒன்றும் பெரிய உத்தமி இல்லை. ஆனால் அந்த எண் எங்கெல்லாம் போகும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. புதிய கம்ப்யூட்டர் ஒவ்வொரு மாதமும் ஸ்டென்ட் கோட் உள்ளவர்களின் பெயரை எடுத்து டாக்டர் டானின் கிளினிக்குக்கு அனுப்பும். அங்கே இருக்கும் மிஸி அவர்களைக் கூப்பிட்டு ஸ்டென்டை எடுக்க வரச் சொல்வாள். அது உள்ளேயே நிரந்தரமாக இருக்கக்கூடாது. சில மாதங்களில் அதன்மேல் உப்புப் படியும். நாளானால் அதுவே கல்லாகிவிடும். வேறொரு மருத்துவமனையில் அதை வைத்துக்கொண்டு மறந்துபோய், சிறுநீரகத்தையே இழந்தவரின் பில்லை நான் தட்டியிருக்கிறேன்.

“ஃபிலோ, இத எடுக்க நான் வரணும்ல? அப்ப என்னா கோட் போடுவ?”

அவள் யோசித்தாள். “ஸ்டென்ட் எடுத்ததுன்னு…”

“வைக்காதத எப்படி எடுக்கறது?”

அவள் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“அதுக்கும் ஒரு பொய் வேணும். அதுக்கு மேல இன்னொண்ணு. எவனாவது செக் பண்ணா வேல போறது ஒனக்கு. வேணாம்டா. நடந்தத போடு.”

அவள் கண் கலங்கி வெளியே போய்விட்டாள். எனக்கு உதவ வந்தவளை நான் திட்டி அனுப்பியதுபோல ஆகிவிட்டது. கதவு மூடியதும் என் கணவர் எழுந்து நின்றார். அவர் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. அன்று போட்டார்.

“யாருக்கு நிரூபிக்கப்போற நீ? தெனமும் வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலையறது நானு. பிள்ள அங்க ஒரு வீட்ல கெடக்குது. அந்தப் பொண்ணே குடுக்கறேங்குது, நீ வேணாங்கற!”

“எனக்குள்ள ஒண்ணு வச்சிருக்காங்க. அது இல்லன்னு எழுதச் சொல்றீங்களா?”

“நமக்குத் தெரிஞ்சா போதாதா?”

“தெரிஞ்சா போதும்னா, அந்த வலிய அத்தன மாசம் தெரிஞ்சே வச்சிருந்தேனே?”

அவர் வெளியே போனார்.

டாக்டர் என்னை வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் எங்களிடம் அவ்வளவு பணம் இல்லை, பில் கட்டி முடிக்காமல் யாரையும் அனுப்ப முடியாது. இதுவும் நான் கவுண்டரில் நின்று எத்தனையோ பேரிடம் சொன்ன வாசகம். அண்ணி கொண்டுவந்த பூப்போட்ட பாவாடையையும் சட்டையையும் உடுத்திக்கொண்டு, தலை பின்னி, பையைக் கட்டிவைத்து, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். குழாய்கள் எதுவும் இல்லை. எழுந்து நடக்கலாம், ஆனால் கீழே போய் வாசலைத் தாண்ட முடியாது. பகல் சாப்பாடு வந்தது. மாலைத் தேநீர் வந்தது. பொழுது விடிந்து மறுபடி பசியாறல் வந்தது. ஒவ்வொரு தட்டோடும் என் பில் ஏறிக்கொண்டிருந்தது. குழாயோடு கிடந்தபோதுகூட இவ்வளவு மூச்சுமுட்டவில்லை.

கடைசியில் பணியாளர் அதிகாரி என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் கடன் தீரும்வரை வேலையைவிட்டுப் போகமாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டும் என்றார். எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருஷமாவது ஆகும். பாயான் லெப்பாஸ் வேலையைப் பற்றி அவருக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற என் கணவருக்குத் தெரியும். அந்த வேலை கிடைத்த அன்று அவர்தான் எனக்கு ஒரு புதுக் கைப்பை வாங்கிக் கொடுத்தார்.

அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

டாக்சியில் சுங்கை பினாங் வீட்டுக்குப் போனோம். மாடிப்படியில் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கோபம் போகவில்லை, பிடியும் தளரவில்லை.

சில வாரம் கழித்து அதிர்வலை எந்திரத்தில் வைத்து என் கல்லை உடைத்தார்கள். தண்ணீருக்குள் யாரோ கல்லால் அடிப்பது போன்ற சத்தம். பிறகு நாள்தோறும் மணல் போலக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. வலி போயிற்று. நான் மறுபடி கவுண்டரில் உட்கார்ந்தேன். சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியது. வாணி ஒன்றாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள்.

இப்போது நான் சொல்லப்போவதை, உள்ளே குழாய் வைத்துக்கொண்டிருக்கிற எல்லோரும் கேட்க வேண்டும். ஸ்டென்ட் இருந்தால் அடிக்கடி நீர் போகத் தோன்றும். போகும்போது விலாவில் ஒரு இழுப்பு இருக்கும். அவ்வளவுதான். அந்த இழுப்பு எனக்குப் பழகிவிட்டது. எடுக்கச் சொன்ன மாதம் வந்தது. அன்று மாதக் கடைசி, கவுண்டரில் கூட்டம். அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரம் வாணிக்கு அம்மை. பிறகு, எடுப்பதற்கும் ஒரு பில் வருமே, இந்தப் பிடித்தம் கொஞ்சம் குறையட்டும் என்றேன். என் கணவரிடம் டாக்டர் தேதி சொல்லவில்லை என்றுகூடச் சொன்னேன். எல்லாம் தெரிந்தவள் நான். மறந்துபோனவரின் பில்லைத் தட்டியவளும் நான்தான். அப்படியும் தள்ளிப்போட்டேன்.

ஒரு நாள் என் மேசைத் தொலைபேசி அடித்தது. கிளினிக் மிஸி.

“சரோ, ஒம் பேரு ரெண்டாவது மாசமா லிஸ்ட்ல வருது. மேல ஏறி வர்றியா, நான் கீழ எறங்கி வரட்டுமா?”

“அடுத்த வாரம் வர்றேன் சிஸ்டர்.”

“போன மாசமும் இதத்தான் சொன்ன. நாளைக்குக் காலைல. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்.”

என் கணவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் ஒன்றும் திட்டவில்லை. மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார்.

எடுக்க மயக்கம் தேவையில்லை. கீழ்வழியாக ஒரு கருவியை விட்டு, முனையைப் பிடித்து இழுப்பார்கள். ஒரு நிமிஷ வேலை என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. பிடித்து இழுத்தார், வரவில்லை. டாக்டர் டான் நிறுத்தினார். விட்டு விட்டு மெதுவாக இழுத்தார். உள்ளே ஏதோ உரசிக்கொண்டு இறங்குவதை விலாவில் உணர்ந்தேன். படுக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடைசியில் வந்துவிட்டது.

கிண்ணத்தில் வைத்துக் காட்டினார். நீலக் குழாய். மேல்முனைச் சுருளில் மஞ்சளாக, முட்டையோடு மாதிரி உப்பு படிந்திருந்தது. “இன்னும் சில வாரம் போயிருந்தால் இப்படி எடுத்திருக்க முடியாது” என்றார். “முதுகைத்தான் மறுபடி திறந்திருக்க வேண்டும்.”

என் கணவர் உள்ளே வந்து கிண்ணத்தைக் குனிந்து பார்த்தார்.

“அன்னைக்கு அந்தப் பொண்ணு சொன்ன மாதிரி போட்டிருந்தா, ஒன்ன யாரு கூப்பிட்டிருப்பா?” என்றார்.

நான் படுக்கையிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

“நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன். எனக்கு ஞாபகமே இல்ல, சரோ.”

கீழே போய்ப் பில் கட்ட வேண்டும். அவர் மருந்து வாங்கப் போனார். நான் தனியாகக் கவுண்டருக்கு வந்தேன், வழக்கமாக நுழையும் பக்கக் கதவு வழியாக அல்ல, எல்லோரும் நிற்கும் முன்பக்கமாக. நிற்க முடியாமல் அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் கண்ணாடியில் இருக்கும் பேசும் துளை தலைக்கு மேலே போய்விடுகிறது. அந்தப் பக்கம் இருப்பவரின் நெற்றி மட்டும் தெரிகிறது. ஏதாவது கேட்க வேண்டுமானால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்துதான் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு இது தெரியாது. நான் கேள்வி கேட்டபோதெல்லாம் ஏன் இவர்கள் எழுந்து எழுந்து நிற்கிறார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன்.

ஃபிலோமினாவின் நெற்றி தெரிந்தது. பிறகு அதுவும் மறைந்தது. பக்கக் கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தாள். கையில் என் பில். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் வரியில் விரலை வைத்தாள்.

“ஸ்டென்ட் எடுத்தது” என்று படித்தாள். “சரியாக்கா?”

“சரி” என்றேன். “அடுத்தத படி.”